ஒலிப்பதிவு: சோமா சவுண்ட்ஸ்

என் அக்காவின் கணவர் சோமசேகரம் முதலில் அடிப்பார், பிறகுதான் என்ன விஷயம் என்று கேட்பார். பண்டத்தரிப்பில் அவரைத் தெரியாத ஆள் இல்லை. கோயில் திருவிழா, கலியாணம், செத்தவீடு, எது நடந்தாலும் லவுட்ஸ்பீக்கர் கட்டுகிறவர் அவர்தான். சோமா சவுண்ட்ஸ் என்று சிவப்பில் எழுதிய பெட்டிகள் எங்கள் பக்கத்துக் கோயில் வீதிகள் எல்லாவற்றிலும் நின்றிருக்கின்றன. அவரைப் பற்றி எழுதப்போகிறேன் என்று சொன்னதும், "நல்லதா எழுது கோகுலன்" என்றாள் அக்கா. நல்லதும் எழுதுவேன், மற்றதும் எழுதுவேன். என் இடது புருவத்தில் முடி முளைக்காத ஒரு கோடு இருக்கிறது. லவுட்ஸ்பீக்கர் புனலைக் கோயில் பார்க்கக் கட்டச் சொன்னபோது நான் றோட்டுப் பார்க்கக் கட்டிவிட்டேன் என்று அவர் எறிந்த குறடு பட்ட இடம் அது. எழுதுவதற்கு எனக்கு அந்த உரிமை போதும்.

அவருக்கு ஒரு பழக்கம். எந்தப் பாட்டைப் போட்டாலும் அதற்கு முன்னால் மைக்கைப் பிடித்து, "ஒலி அமைப்பு: சோமா சவுண்ட்ஸ், பண்டத்தரிப்பு" என்று சொல்லாமல் விடமாட்டார். செத்தவீட்டில் தேவாரத்துக்கு முன்னாலும் சொல்வார். தன் கலியாணத்தன்று தாலி கட்டிய கையோடு எழும்பிப் போய் அதைச் சொல்லிவிட்டு வந்து மணவறையில் இருந்தவர் அவர். ஊர் சிரித்தது. எங்கள் அம்மா மட்டும் சிரிக்கவில்லை. அக்காவை யாருக்குக் கொடுத்திருக்கிறோம் என்று அவவுக்கு அன்றே விளங்கியிருக்க வேண்டும்.

அம்பிளிபயர்மேல் வெற்றிலைத் துப்பல் பட்டதற்கு ஒரு பொடியனின் தோள் எலும்பை உடைத்தார். திருவிழாவில் யாரோ வயரை வெட்டிவிட்டார்கள் என்று இரும்புக் குழாயோடு போய் ஒரு வீட்டு வாசல் படலையையும் அந்த வீட்டுக்காரரின் முழங்காலையும் ஒன்றாக நொறுக்கினார். ஒருதரமும் வழக்கு நிற்கவில்லை. பார்த்தவர்கள் எல்லோருக்கும் அந்த நேரம் பார்த்துக் கண்ணில் தூசி விழுந்துவிடும். நாளைக்குத் தங்கள் வீட்டுக் கலியாணத்துக்கும் அவர்தான் சவுண்ட் செற் கட்ட வேண்டும் என்பது ஒரு காரணம். பயம் மற்றக் காரணம்.

கஜானி அவருடைய ஒரே பிள்ளை. அவளுக்குப் பாட்டு வரும். யாரும் பழக்கியதில்லை, அப்பாவின் புனல்களைக் கேட்டு வளர்ந்ததில் தானாக வந்தது. பாடசாலை விழா ஒன்றில் அவள் மேடையேறிப் பாட்டுப் படித்தாள். அன்றைக்கு அந்த மேடைக்கு மைக் வைத்தவர் அத்தான்தான். ஸ்பீக்கர் பெட்டிக்குப் பக்கத்தில் நின்ற இரண்டு பேர் அவளைப் பற்றி ஏதோ சொல்லிச் சிரித்தது அவர் காதில் விழுந்தது. இரண்டு பேருக்கும் மூக்கால் இரத்தம் வரும்வரை அடித்தார். அதோடு நின்றிருந்தால் நானும் கை தட்டியிருப்பேன். வீட்டுக்கு வந்து மைக் வயரை நாலாக மடித்துப் பிள்ளைக்கும் அடித்தார். தடுக்கப் போன அக்காவுக்கு முன்பல் போனது. நான் விறகுக் கட்டையைத் தூக்கிக்கொண்டு உள்ளே ஓட, அக்காதான் இரத்த வாயோடு என்னை மறித்தாள்.

"நீ போ தம்பி. நீ போன பிறகு எங்களுக்குத்தான் விழும்."

மேடையில் பாடுகிற பெண்களைப் பற்றி மேடைக்குக் கீழே நிற்கிறவர்கள் என்ன கதைப்பார்கள் என்று தனக்குத் தெரியும், அதனால்தான் அடித்தேன் என்று பிறகு எனக்குச் சொன்னார். கதைக்கிறவனின் வாய்க்கும் பாடுகிறவளின் முதுகுக்கும் வித்தியாசம் தெரியாத மனுசனோடு என்னத்தைக் கதைப்பது? அந்த வயர் அதற்குப் பிறகு வீட்டுச் சுவரில் ஆணியில் தொங்கியது. வேலைக்கு அதைக் கொண்டுபோவதில்லை.

கஜானி வளர்ந்து சண்டிலிப்பாயில் ஒரு பாமசியில் வேலைக்குப் போனாள். போய்வர ஒரு ஸ்கூட்டி வைத்திருந்தாள். பாமசிக்குப் பக்கத்தில் ஜெரிசன் என்ற பொடியன் ஒரு ஒலிப்பதிவுக் கூடம் நடத்தினான். முன்பு புகையிலை உலர்த்திய அறை அது. சுவரெல்லாம் முட்டை அட்டைகளை ஆணியடித்து, உள்ளே ஒரு மைக்கும் கம்பியூட்டரும் வைத்திருந்தான். எங்கள் அம்மன் கோயில் திருவிழாவுக்கு வெளியிட ஒரு பாட்டுத் தொகுப்புச் செய்துகொண்டிருந்தான். கஜானி வேலை முடிந்ததும் அங்கே போய்ப் பாடிவிட்டு வீட்டுக்கு வருவாள். அக்காவுக்குத் தெரியும், எனக்குத் தெரியும், ஊரில் பாதிப் பேருக்குத் தெரியும். அத்தானுக்கு மட்டும் யாரும் சொல்லவில்லை. சொன்னால் என்ன நடக்கும் என்றும் எல்லோருக்கும் தெரியும்.

ஒரு நாள் பின்னேரம் பண்டத்தரிப்புக்குத் திரும்பும் வளைவில் மணல் ஏற்றிய ரிப்பர் லொறி அவளை அடித்தது. நான் போய்ச் சேரும்போது யாரோ அவள்மேல் ஒரு சாறத்தை விரித்திருந்தார்கள். அத்தான் எனக்கு முன்பே வந்துவிட்டார். ரிப்பர் சாரதியை இருக்கையிலிருந்து இழுத்து விழுத்தி, கஜானியின் ஹெல்மெற்றாலேயே அவன் முகத்தில் அடித்துக்கொண்டிருந்தார். அவன் கும்பிட்ட கையோடு ஒன்றையே திரும்பத் திரும்பச் சொன்னான்.

"ஐயா, பிள்ளை பறந்து வந்தது. நான் பிறேக் பிடிச்சனான். பிள்ளை பறந்து வந்தது."

"பொய் சொல்லுறியோ? என்ரை பிள்ளை சைக்கிள் வேகத்திலை ஓடுறவள்."

ஹெல்மெற் பிளந்த பிறகும் அடித்தார். ஆறு பேர் சேர்ந்துதான் அவரைப் பிடித்து இழுத்தோம். சாரதிக்கு ஒரு கண் போய்விட்டது. பிள்ளை செத்த தகப்பனுக்கு எதிராக யார் சாட்சி சொல்வது? அந்தச் சாரதியும் முறைப்பாடு செய்யவில்லை.

செத்த எட்டாம் நாள், எட்டுச் செலவன்று, ஜெரிசன் வீட்டுக்கு வந்தான். யார் இவன் என்று கேட்டு, பதில் வந்து முடிய முதலே அத்தான் அவன் கன்னத்தில் அறைந்து, சேர்ட்டைப் பிடித்துச் சுவரோடு நெருக்கினார். ஜெரிசன் தடுமாறிக்கொண்டு சட்டைப்பையிலிருந்த போனை எடுத்து ஒரு பாட்டைப் போட்டான். கஜானியின் குரல். அத்தானின் கை தானாக விட்டுவிட்டது. அவர் நிலத்தில் குந்திவிட்டார். முடிய முடியத் திரும்பப் போடச் சொன்னார். அவர் அழுததை நான் அன்றுதான் பார்த்தேன்.

"ஐயா, பாட்டை உங்கடை போனிலை போட்டுவிடுறன். வீட்டிலை வைச்சுக் கேளுங்கோ" என்றான் ஜெரிசன். "திருவிழாவுக்குத்தான் வெளியிடுறம். அதுவரைக்கும் ஒருதருக்கும் குடுக்காதேங்கோ."

அத்தான் தலையாட்டினார். அவர் காதில் அது விழுந்திருக்காது.

எங்கள் பக்கத்தில் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டியன்று கல்வெட்டுக் கொடுப்பார்கள். இறந்தவரின் படம், வாழ்க்கைக் குறிப்பு, தேவாரம் எல்லாம் போட்டு அச்சடித்த புத்தகம். கஜானியின் கல்வெட்டில் ஒவ்வொரு பிரதியின் உள் அட்டையிலும் அத்தான் ஒரு சிறிய மெமரி சிப்பை ஒட்டியிருந்தார். அதில் அந்தப் பாட்டு. பாட்டுக்கு முன்னால், விடாத பழக்கம், அவருடைய குரல்: "பாடியவர், செல்வி கஜானி சோமசேகரம். ஒலிப்பதிவு: சோமா சவுண்ட்ஸ், பண்டத்தரிப்பு."

வந்த சனம் முழுக்க வாங்கிக்கொண்டு போனது. அவரே வட்ஸ்அப்பில் ரொறன்ரோவுக்கும் பாரிசுக்கும் அனுப்பினார். எந்தக் கோயிலில் செற் கட்டினாலும் முதல் பாட்டு அதுதான். பாட்டு ஊர் ஊராகப் போனது. கடைசியில் ஜெரிசன் தொகுப்பை வெளியிட்டபோது வாங்க ஆள் இல்லை. எல்லோருடைய போனிலும் பாட்டு ஏற்கெனவே இருந்தது.

அவன் திரும்ப வந்தான். மரியாதையாகத்தான் வந்தான்.

"ஐயா, குடுத்தது குடுத்ததாப் போகட்டும். இனிக் குடுக்காதேங்கோ. மற்றது, அந்த ஒலிப்பதிவு எண்டு சொல்லுறதை மட்டும் எடுத்துவிடுங்கோ. பதிஞ்சது நானெல்லோ?"

அதுதான் அத்தானுக்குச் சுட்டது. மைக் ஸ்ராண்டின் இரும்பு அடிப்பாகத்தைத் தூக்கி அவன் முகத்தில் அடித்தார். தாடை எலும்பு உடைந்த சத்தம் மதிலுக்கு அந்தப் பக்கம் கேட்டதாம். அதோடு விடவில்லை. குழாயோடு சண்டிலிப்பாய்க்குப் போய், புகையிலை அறைக்குள் புகுந்து, மிக்சரையும் ஸ்பீக்கர்களையும் அடித்துச் சிதறடித்தார். கம்பியூட்டர் மட்டும் அவர் கையில் அகப்படவில்லை. ஜெரிசனின் தாய் மக்டலீன் அதைத் தூக்கி நெஞ்சோடு அணைத்துக்கொண்டு பின் வளவால் ஓடிவிட்டா.

பொலிசில் முறைப்பாடு கொடுத்தார்கள். வழக்கம் போல யாரும் எதையும் பார்க்கவில்லை. ஜெரிசனின் சட்டத்தரணி கெட்டிக்காரன் போல. அடிக்குச் சாட்சி இல்லையென்றால் இருக்கட்டும், பாட்டுக்குச் சாட்சி இருக்கிறதே என்று வேறு பாதையில் வந்தான். உரிமை இல்லாத ஒலிப்பதிவைப் பிரதி எடுத்து விநியோகித்தார் என்று புலமைச் சொத்துச் சட்டத்தின் கீழ் வழக்கு. சாட்சி ஒவ்வொரு வீட்டுப் போனிலும், அத்தானின் சொந்தக் குரலிலேயே இருந்தது. கை கால் முறித்ததற்கெல்லாம் தப்பிய மனுசனைக் கடைசியில் ஒரு அம்மன் பாட்டுக்காகக் கூண்டில் ஏற்றினார்கள்.

நாங்கள் பிடித்த சட்டத்தரணி மகாதேவி நேரே கதைக்கிற மனுசி.

"குற்றத்தை ஒத்துக்கொண்டு அந்தப் பொடியனிட்டை மன்னிப்புக் கேளுங்கோ. சின்னத் தண்டத்தோடை முடியும். எதிர்த்து நிண்டு தோத்தால் எல்லாப் பிரதியையும் அழிக்கச் சொல்லுவினம். பேந்து நீங்கள் அந்தப் பாட்டைத் தொடேலாது."

"என்ரை பிள்ளையின்ரை குரலை நானே களவெடுத்தனானோ?"

"குரல் பிள்ளையின்ரை. பதிவு பொடியன்ரை. சட்டம் அப்பிடித்தான்."

"அப்ப நான்தான் பதிஞ்சனான் எண்டு சொல்லுறன்."

"பொய்யெண்டு காட்டினால் என்னாலை ஒண்டும் செய்யேலாது."

அவர் கேட்கவில்லை. பிள்ளையில் மிச்சமிருந்தது அந்தக் குரல் ஒன்றுதான். அதை இன்னொருவன் தன்னுடையது என்று சொல்வதை அவரால் தாங்க முடியவில்லை, அது எனக்கு விளங்கியது. வழக்குத் தவணைக்கு முன்பு மோட்டார் சைக்கிளில் வந்த இரண்டு பேர் ஜெரிசனின் படலையை வாளால் வெட்டி, மறிக்க வந்த அவன் கையிலும் ஒரு வெட்டு வைத்துவிட்டுப் போனார்கள். நீங்கள் அனுப்பினதோ என்று அத்தானைக் கேட்டேன். அவர் பார்த்த பார்வையில் நான் வாயை மூடிக்கொண்டேன்.

ஜெரிசன் கையில் கட்டோடும் இன்னும் முழுக்கத் திறக்காத வாயோடும் நீதிமன்றத்துக்கு வந்தான். உள்ளே போக முதல் அக்காவிடம் வந்தான்.

"அம்மா, என்னட்டை முழுப் பதிவும் கிடக்கு. பாட்டுக்கு முன்னாலை பிள்ளை கதைக்கிறது அதிலை வருது. அதை ஒருதருக்கும் கேக்க விடக்கூடாது எண்டுதான் இவ்வளவு நாளும் வைச்சிருந்தனான். அவரை உண்மையைச் சொல்லச் சொல்லுங்கோ. சொன்னா நான் அதைப் போடமாட்டன்."

அக்கா அத்தானிடம் போனாள். "இஞ்சாருங்கோ, அந்தப் பொடியன் சொல்லுறதை ஒருக்காக் கேளுங்கோ."

"வாயைப் பொத்து" என்றார். பொலிஸ்காரர் நிற்பதையும் பார்க்காமல் கையை ஓங்கினார். அக்கா பழக்கப்பட்டவள், தலையை மட்டும் சரித்தாள்.

கூண்டில் ஏறிய அத்தான் தயங்காமல் சொன்னார்.

"நான்தான் பதிஞ்சனான். வீட்டிலை, சாமியறைக்கு முன்னாலை. என்ரை மைக்கிலை. பிள்ளை நிண்டு படிச்சாள். நான் பக்கத்திலை இருந்து கேட்டுக்கொண்டிருந்தன்."

பச்சைப் பொய். ஆனால் அதைச் சொல்லும்போது அவர் முகம் இளகியிருந்தது. அப்படி ஒரு நாள் தன் வாழ்க்கையில் நடந்ததாகவே அவர் நம்பத் தொடங்கியிருந்தார். எனக்கு அவர்மேல் கோபம் வந்தது. பரிதாபமும் வந்தது, அதற்காக என்மேலேயும் கோபம் வந்தது.

ஜெரிசன் கம்பியூட்டரைத் திறந்தான். முதலில் இரைச்சல். பிறகு கஜானி, மூச்சு வாங்க.

"அண்ணை, ஒரே தரத்திலை எடுங்கோ. நேரம் போயிட்டுது."

"அவசரப்படாதை பிள்ளை. இன்னொருக்காப் படிச்சா நல்லா வரும்." இது ஜெரிசனின் குரல்.

"ஏலாது அண்ணை. அப்பா இண்டைக்கு வேலை முடிச்சு வெள்ளன வாறார். அவருக்கு முன்னம் நான் வீட்டை நிக்கோணும். இல்லாட்டி வயரை எடுப்பார். எனக்கு அடிச்சாப் பரவாயில்லை, மறிக்க வந்து அம்மாவும் வாங்குவா." ஒரு சின்னச் சிரிப்பு. "கெதியா எடுங்கோ. நான் பறந்து போறன்."

பிறகு பாட்டு. முழுப் பாட்டும் ஓடியது, யாரும் நிறுத்தச் சொல்லவில்லை. பாட்டு முடிய, "சரிதானே? வாறன் அண்ணை" என்று ஒரு குரல், கதவுச் சத்தம், தூரத்தில் ஸ்கூட்டி ஸ்ரார்ட் எடுக்கும் சத்தம்.

நீதவான் பதிவின் திகதியைக் கேட்டார். ஜெரிசன் சொன்னான். கல்வெட்டின் முன் அட்டையில் பிறந்த திகதிக்குக் கீழே அச்சடித்த அதே திகதி. அக்கா என் கையைப் பிடித்தாள், நகம் தோலுக்குள் இறங்கியது.

"இது உங்கடை வீட்டிலை பதிஞ்சதோ?" என்று நீதவான் கேட்டார்.

"இல்லை ஐயா."

"ஆர் பதிஞ்சது?"

"அந்தத் தம்பி." பிறகு யாரும் கேளாத ஒன்றைச் சொன்னார். "அந்த ரிப்பர்க்காரன் பொய் சொல்லேல்லை ஐயா."

நீதிமன்றத்தில் யாருக்கும் அது விளங்கவில்லை. அத்தானுக்கும் அக்காவுக்கும் எனக்கும்தான் விளங்கியது.

தண்டம் விதித்தார்கள். பிரதிகளைத் திருப்பி ஒப்படைக்க வேண்டும் என்றும் உத்தரவு. அத்தான் வீடு வீடாகப் போய்க் கல்வெட்டுகளிலிருந்து சிப்புகளைத் தானே உரித்து எடுத்தார். எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டுக்கொண்டு சண்டிலிப்பாய்க்குப் போனபோது, என்ன செய்வாரோ என்று நானும் பின்னால் போனேன். மக்டலீன் மண்வெட்டியோடு படலையில் நின்றா. அத்தான் உள்ளே போகவில்லை. பையை நிலத்தில் வைத்துவிட்டு, வெட்டுப்பட்ட படலைக்கு வெளியே நின்றார். ஜெரிசன் வந்தான்.

"பாட்டை நீங்கள் வைச்சிருங்கோ ஐயா. அனுமதி நான் எழுதித் தாறன்."

"பாட்டு வேண்டாம் தம்பி. அதுக்கு முன்னாலை அவள் கதைச்சது கிடக்கெல்லோ. அதைத் தா."

ஜெரிசன் என்னைப் பார்த்தான். பிறகு போனில் போட்டுக் கொடுத்தான்.

ஒரு வருசம் முடிந்து வந்த ஆட்டைத் திவசத்தன்று அத்தான் வளவுப் பனையில் புனல் கட்டினார், ஊரைப் பார்த்து. சாப்பாட்டுக்கு வந்து பந்தியில் இருந்தவர்கள் அம்மன் பாட்டுக் கேட்கப்போகிறது என்றுதான் நினைத்தார்கள். அவர் மைக்கைத் தொடவில்லை, பெயர் சொல்லவில்லை. புனலில் கஜானி கதைத்தாள். அப்பா வருவார், வயரை எடுப்பார், அம்மாவும் வாங்குவா. ஊருக்கு எப்போதோ தெரிந்ததைத்தான் அந்தப் புனல் ஊருக்குச் சொன்னது. சோறு போட்டுக்கொண்டிருந்த கைகள் நின்றுவிட்டன. சிலர் இலையைப் பார்த்தார்கள். முடிந்ததும் அவர் இரண்டாம் தரம் போட்டார். அது அவர் தனக்குத்தானே கொடுத்த தண்டனை என்று எனக்கு விளங்கியது. ஒரு தண்டனையைக்கூடச் சத்தமில்லாமல் அனுபவிக்கத் தெரியாத மனுசன்.

அக்கா குசினியிலிருந்து வந்தாள். நேரே அம்பிளிபயருக்குப் போய் அதை நிறுத்தினாள்.

"காணும், போதும்" என்றாள். "உது அவளின்ரை பயம். பாட்டைத்தான் ஊர் முழுக்கக் குடுத்தியள். பயத்தையும் எடுத்துக் குடுக்காதேங்கோ."

அவர் கையில் இருந்ததை நிறுத்த இதுவரை யாரும் துணிந்ததில்லை. அவருடைய கை பழக்கத்தில் மேலே எழும்பியது, பந்தியில் இருந்த எல்லோரும் பார்த்தோம். இந்த முறை அக்கா தலையைச் சரிக்கவில்லை. நான் எழும்பிவிட்டேன், பந்தியில் இன்னும் நாலைந்து பேர் என்னோடு எழும்பினார்கள். இத்தனை வருசத்தில் அப்படி எழும்பியது அதுதான் முதல் தரம்.

அந்தக் கை அங்கேயே கொஞ்ச நேரம் நின்றது. பிறகு அவர் வீட்டுக்குள் போய், ஆணியில் தொங்கிய மைக் வயரை எடுத்து வந்து, அக்காவிடம் நீட்டினார். அக்கா அதை வாங்கிக்கொண்டு போய் அடுப்புக்குள் வைத்தாள். ரப்பர் எரிந்த மணத்தோடுதான் அன்றைக்கு நாங்கள் எல்லோரும் சாப்பிட்டு முடித்தோம்.